முதுகு காட்டி நின்ற யானை

இந்தியாவை ஒரு யானையாக வரைந்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்தவள் நான். சரித்திரத்தில் பி.ஏ., அதற்கு மேல் பி.டி. எல்லாம் படித்திருந்தும், பாடம் சொல்லிக்கொடுக்கிற ஊரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது, வரைந்து முடித்த மறுநாள் காலையில்தான் விளங்கியது.

எழுபதுகளின் தொடக்கம் அது. சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்த பெண்கள் பள்ளியில் தற்காலிக சரித்திர டீச்சராக இருந்தேன். பிரசவத்துக்கு லீவு எடுத்துப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்குள் கமிட்டி கூடி என்னை நிரந்தரமாக்கலாம், இல்லையென்றால் நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம்.

வீட்டுக்கு அனுப்பினால் நான் ஓரிக்கையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போகப்போவதில்லை. நேராக வாலாஜாபாத்துக்குத்தான். அங்கே என் அம்மாவின் அண்ணனுக்கு நெல் மில் இருந்தது. மில்லும் வீடும் ஒரே மதிலுக்குள். நான் பிறந்தபோது மாமா வந்து பார்த்துவிட்டு, இது எங்க வீட்டுப் பொண்ணு என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் மில்லு வீட்டுப் பெண். மாமன் மகன் கெட்டவர் இல்லை. இதைக் கேட்கிறவர்கள் அடுத்து அதைத்தான் கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். குடிப்பதில்லை, அதிர்ந்து பேசுவதில்லை. அதிர்ந்து பேசினாலும் அந்த வீட்டில் யாருக்கும் கேட்காது. விடிந்ததும் ஓடத் தொடங்கும் மில், இருட்டின பிறகுதான் ஓயும். என் அத்தை கையாலேயே பேசிப் பழகிவிட்டார். சாப்பிட வா என்பதற்குக் கை, போதுமா என்பதற்குக் கை, உட்கார் என்பதற்கும் கை. மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் வாயைத் திறக்காமல் கையைத்தான் ஆட்டினார். சின்ன வயதில் லீவுக்குப் போய் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த வீடு என்றாலே பயம். அத்தை மதில் கதவைத் தாண்டுவது கோயிலுக்கும் சாவுக்கும் மட்டும்தான்.

மருமகள் வேலைக்குப் போகக்கூடாது என்பது மாமா வீட்டு நிபந்தனை. நான் அந்த நிபந்தனையைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தேன். என்னை அவ்வளவு தூரம் படிக்க வைத்த அப்பாவுக்கு அது ஒன்றுதான் உறுத்தல். அப்பா விவசாயி, காலேஜ் வாசலுக்கு என்னோடு வந்து நின்ற ஒரே ஆள். ஒரு நாள் களத்துமேட்டில் வைத்து என்னிடம் சொன்னார்: "வேல பர்மனென்டு ஆயிட்சுன்னா நான் உங்க மாமன்கிட்ட தைரியமா பேசுவேன். ஆவாத போச்சின்னா எந்த மூஞ்ச வச்சிக்கினு பேசறது?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வருஷம் முழுக்க என் கழுத்தில் கத்தி போல நின்றது அந்த நியாயம்தான்.

சரி, மிருகங்களுக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் உடன்படிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. மதியப் பிரிவேளையில் பெண்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். கிழக்கு வங்காளத்துச் சண்டை அப்போதுதான் முடிந்திருந்தது. பேப்பரில் தினமும் ஏதாவது ஒரு மிருகம் கார்ட்டூனில் நிற்கும். நான் அவற்றைப் பார்த்துக் கரும்பலகையில் வரையத் தொடங்கினேன். பிரிட்டன் சிங்கம், ரஷ்யா கரடி, அமெரிக்கா கழுகு, சீனா நெருப்பு கக்கும் பறவைநாகம், பிரான்ஸ் சேவல். தூங்கினவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

எழுந்து உட்கார்ந்ததோடு விட்டார்களா? கழுகை வரைந்த அன்று முன் பெஞ்சில் ஒரு பெண், நெசவாளி வீட்டுப் பெண், படக்கென்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து வகுப்பே போட்டுக்கொண்டது. ஏன் என்று கேட்டால், கருடன் வந்தால் போட்டுக்கொள்ள வேண்டாமா என்றாள். வருஷா வருஷம் கருட சேவைக்கு ஊரே திரளும் தெருவில் பிறந்த பிள்ளைகள். இறக்கையை விரித்த பறவையைப் பார்த்தால் அவர்களுக்கு அமெரிக்கா எப்படி ஞாபகம் வரும்? கரடி வந்ததும் ஜாம்பவான் என்றார்கள். ஜாம்பவான் ராமர் பக்கம், ஆகவே ரஷ்யா நம் பக்கம் என்று அவர்களே முடிவும் கட்டினார்கள். அந்த வருஷத்து அரசியலுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. பறவைநாகம் கோயில் தூணில் இருக்கிற யாளி. சேவல் முருகன் கொடி. சிங்கம்தான் தகராறு. "வெள்ளக்காரனுக்குப் போயி சிங்கத்தக் குடுத்துட்டீங்களே டீச்சர், அது நம்ம நரசிம்மருதாச்சே" என்று அதே பெண் என்னைக் குறை சொன்னாள். நான் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான் என்றேன்.

அதைச் சொன்ன பிறகு நானே யோசித்தேன். கழுகை அமெரிக்கா தானாகத்தான் வைத்துக்கொண்டது. ஆனால் கரடியை ரஷ்யா கேட்டு வாங்கவில்லை. அடுத்த நாட்டுக்காரர்கள் வரைந்து வரைந்து ஒட்ட வைத்தது. லண்டன் பத்திரிகைக்காரர்கள் நம்மைக் கோபம் வந்தால் புலியாகவும், பாரம் ஏற்றும்போது யானையாகவும் வரைந்தார்கள். இரண்டுக்கும் நம்மை யாரும் கேட்கவில்லை. இதை வகுப்பில் சொல்லும்போது என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. மில்லு வீட்டுப் பெண் என்று என்னையும் யாரும் கேட்காமல்தானே வரைந்து வைத்திருந்தார்கள்.

இந்தப் பாடத்தின் புகழ் தலைமை ஆசிரியை காதுக்குப் போனது. நல்ல மனுஷி, பயந்த மனுஷியும்கூட. வருகிற இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு சரித்திரக் கண்காட்சி வைப்போம், ஹாலின் நீளச் சுவரில் இந்த மிருகங்களையெல்லாம் நீயே வர்ணத்தில் எழுதிவிடு, இன்ஸ்பெக்டரம்மா பார்த்து நல்ல வார்த்தை சொன்னால் கமிட்டியில் உன் விஷயம் சுலபம் என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வர்ணப்பொடியைக் குழைத்துக்கொண்டு, பள்ளி விட்டதும் ஏணியில் ஏறி நின்றேன். எல்லா மிருகங்களையும் ஓரத்தில் நிறுத்தி, நடுவில் நம் யானையைப் பெரிதாக, நேர்முகமாக எழுதினேன். காதில் சாமரம், முகத்தில் பட்டம், நெற்றியில் நாமம்.

யானைக்கு நாமம் போடவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் காஞ்சிபுரத்தில் வளர்ந்தவளுக்கு நெற்றியில் ஒன்றும் இல்லாத யானை கண்ணில் நிற்காது. திருவிழாவில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பார்த்த யானையை நினைத்துக்கொண்டு போட்டேன். எங்கள் வீட்டில் திருநீறு. எனக்கு நாமம் என்றால் நாமம், அவ்வளவுதான்.

அந்த ஊரில் அது அவ்வளவுதான் இல்லை. வடகலை, தென்கலை என்று பெருமாளைச் சேவிக்கிறவர்கள் இரண்டு பிரிவு. தென்கலை நாமத்துக்குக் கீழே மூக்கின்மேல் இறங்குகிற ஒரு பாதம் உண்டு. வடகலை நாமத்துக்குக் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்கு விரல் நுனி அகலமுள்ள சமாசாரம். இங்கேயோ, கோயில் யானைக்கு எந்த நாமம் என்கிற சண்டை கோர்ட்டு வரை போனது என்று இன்றைக்கும் பேசிக்கொள்வார்கள். எங்கள் பள்ளிக் கமிட்டியில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் வடகலை, ஒருவர் தென்கலை.

நான் பாதம் வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்று நினைத்தும் இல்லை, தோன்றவில்லை. ஆனால் வர்ணத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. நான் வீட்டுக்குப் போன பிறகு நாமத்தின் அடியிலிருந்து ஒரு சொட்டு மெல்ல இறங்கி, தும்பிக்கை தொடங்கும் இடத்தில் அழகாகக் காய்ந்துவிட்டது.

காலையில் வடகலைப் பெரியவர் ஹாலில் நின்றுகொண்டிருந்தார். பாதம் யார் வைத்தது என்று கேட்டார். வர்ணம் வழிந்துவிட்டது என்றேன். "நடு மையத்துல, அளவெடுத்தாப்புல வழிஞ்சுதாக்கும்" என்றார். நான் ஈரத்துணியை எடுத்துவந்து அவர் எதிரிலேயே துடைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

யானைக்குப் பாதம் இருக்கும் செய்தி அதற்குள் தெருவுக்குப் போயிருந்தது. தென்கலைப் பெரியவர் மத்தியானம் சந்தோஷமாக, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். பாதம் இருந்த இடத்தில் ஈரம்தான் இருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. "மொதல்லேர்ந்தே இல்லாம இருந்திருந்தா நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டேம்மா. இருந்ததை அழிச்சிருக்கேள்" என்றார். கூட வந்தவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

அன்று மாலையே நாமத்தை முழுதாக எடுத்துவிட்டேன். மறுநாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை இந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை என்று தலைமை ஆசிரியை பிறகு சொன்னார். பெண் குழந்தைகள் படிக்கிற இடத்தில், அதுவும் தேசத்தை, பாழ் நெற்றியோடு நிறுத்தி வைப்பதா என்பது அவர்கள் கேள்வி. குங்குமம் வைக்கலாமா என்று தலைமை ஆசிரியை மெதுவாகக் கேட்டார். வைத்தால் அது பெரிய காஞ்சிபுரத்து அம்மன் கோயில் யானை ஆகிவிடும், சின்ன காஞ்சிபுரத்துச் சுவரில் அதற்கு என்ன வேலை என்றார்கள். யானையையே அழித்துவிட்டுப் பசு வரைகிறேன் என்றேன் நான். அதற்கும் சம்மதமில்லை. இப்போது யானையை எடுத்தால் யாரோ சொல்லி எடுத்ததாகிவிடும். எந்தப் பக்கம் சொல்லி எடுத்தது என்ற பேச்சு கிளம்பும். யானை இருக்கவேண்டும், நெற்றி வெறுமையாக இருக்கக்கூடாது, எதை வைத்தாலும் ஒருவருக்கு ஆகாது. ரஷ்யாவும் அமெரிக்காவும் எவ்வளவோ தேவலை.

அவர்கள் போன பிறகு தலைமை ஆசிரியை கதவைச் சாத்திவிட்டு என்னை உட்கார வைத்தார். "உன் ஆர்டர்ல ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்மா. ஒருத்தர் போடலேன்னாலும் என்னால ஒண்ணும் செய்யமுடியாது" என்றார். அவர் கண்ணில் உண்மையான வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்து, பேசாமல் திருநீறு பூசிவிடு, நாம் ஜெயித்துவிடலாம் என்றார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு அவரும் நிறுத்திக்கொண்டார். அம்மா அடுப்படியிலிருந்தபடியே, மாமா வீட்டில் வைகாசியில் முகூர்த்தம் பார்க்கிறார்களாம் என்றாள். அந்த இரவெல்லாம் காதுக்குள் மில் ஓடிக்கொண்டிருந்தது.

ஓரிக்கையிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் எப்போதும் இடது ஜன்னலோரம்தான் எனக்கு இடம். வழியில் ஒரு கொட்டகையில் யானையைக் கட்டியிருப்பார்கள். அதற்குத் தழையும் தண்ணீரும் உள்பக்கம். அதனால் தெருவில் போகிறவர்களுக்கு அதன் பின்பக்கம்தான் தெரியும். தினமும் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் உறைத்தது: இந்த யானையை நான் நேருக்கு நேர் பார்த்தது வருஷத்தில் ஓரிரு முறை, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து. எனக்கு நன்றாகத் தெரிந்ததெல்லாம் அதன் முதுகு, தொங்கும் தோல் மடிப்பு, முடி கொட்டின வால், பின்னங்காலில் சங்கிலி. பள்ளிக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி வேகமாக நடந்தேன். முதல் மணி அடிக்குமுன் பழைய யானை முழுவதையும் சுண்ணாம்பால் மூடினேன். சாயங்காலம் அதே இடத்தில் யானையைத் திருப்பி நிறுத்தி எழுதினேன். முதுகு, மடிப்பு, வால், கால், சங்கிலி. அதுவரை நான் எழுதிய எதுவும் அவ்வளவு சரியாக வந்ததில்லை.

பெரியவர்கள் தனித்தனியாக வந்தார்கள். முதலில் வந்த வடகலைப் பெரியவர் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். முகம் தெரியவில்லையே என்றார். அந்தப் பக்கம் இருக்கிறது என்றேன். நாமம்? இருக்கிறது என்றேன். எது என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியாததா சார்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. தென்கலைப் பெரியவருக்கும் இதே கேள்விகள், இதே பதில்கள், இதே மலர்ச்சி. இரண்டு பேரும் போன பிறகு நான் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்ஸ்பெக்டரம்மா வந்த அன்று ஒவ்வொரு மிருகத்தின் கீழும் ஒரு பெண் நின்று விளக்கம் சொன்னாள். யானைக்கு அந்த நெசவாளி வீட்டுப் பெண்தான். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு யானையை விட்டு நகர மனமில்லை. எல்லா வல்லரசுகளும் முறைத்துக்கொண்டு நிற்க, எந்தப் பக்கமும் முகம் கொடுக்காமல் நிற்கிறதே நம் நாடு, இதைவிட நம் வெளியுறவுக் கொள்கையை எப்படிச் சொல்வது என்று பாராட்டினார். தலைமை ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர்கள் இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் இன்ஸ்பெக்டரம்மா குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "சுதந்திர நாட்டுக்குச் சங்கிலி எதுக்கு டீச்சர்?" என்றார்.

அதில் நான் எந்த அர்த்தத்தையும் ஒளித்து வைக்கவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் சங்கிலி தெரியும், அதனால் எழுதினேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் வைகாசி மாசம் தெரிந்தது. ஈரத்துணியை எடுத்து, அத்தனை பேர் எதிரிலும் மண்டியிட்டு, கண்ணி கண்ணியாகத் துடைத்தேன். யானையிலேயே நன்றாக வந்திருந்தது அதுதான். எல்லாரும் கை தட்டினார்கள்.

பள்ளி மூடுவதற்குள் ஆர்டர் வந்தது, இரண்டு கையெழுத்தோடும். அன்று பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஓரிக்கை வரை நடந்தேன். அப்பா அதை வாசலில் நின்றே படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றே வாலாஜாபாத்துக்குப் புறப்பட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டு நிறையப் பழம், பூ. என்னை எதிரில் உட்காரச் சொல்லி, இவ்வளவு பெரிய பள்ளியில் நிரந்தர வேலை என்றால் சும்மாவா என்று ஆரம்பித்தார். "வேலைய வுட வேணாம்மா. தாராளமா போயிக்கினு இரு. வாலாஜாபாத்துலேர்ந்து பஸ்ஸு இருக்குது. நம்ம வூட்டுக்கும் பெருமைதான்" என்றார். அப்பா பெருமிதம் தாங்காமல் என்னைப் பார்த்தார். எனக்காக மச்சானோடு மல்லுக்கு நின்று ஜெயித்து வந்திருக்கிறார், பாவம். "இன்னும் இன்னாம்மா வேணும் உனக்கு?" என்று கேட்டார்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு காரணம், வேலையை விடமாட்டேன் என்பது. அதை என் கையாலேயே எழுதி, என் கையாலேயே துடைத்து, அவர்களிடம் கொடுத்துவிட்டேன். பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்போது அது ஒரு காரணமே இல்லை. நான் தட்டில் இருந்த பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மதம் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பள்ளி திறந்தபோது வாலாஜாபாத் பஸ்ஸில் வந்து இறங்கினேன். காதில் மில் சத்தம் இன்னும் இருந்தது. அந்த வருஷம் இடம் போதாமல் என் வகுப்பை ஹாலிலேயே போட்டிருந்தார்கள். கழுகும் கரடியும் சிங்கமும் அப்படியே இருந்தன. யானையின் காலடியில் நான் துடைத்த இடம் மட்டும் மற்றச் சுவரைவிட வெளுப்பாக இருந்தது.

பெயர் கூப்பிட்டு முடித்தேன். கருடனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்ட அந்தப் பெண் எழுந்து யானையின் பக்கத்தில் போய் நின்றாள். "டீச்சர், இதுக்குத்தான் சங்கிலிய எடுத்துட்டீங்களே. அப்பறம் ஏன் டீச்சர் இன்னும் இங்கியே நின்னுக்கினு இருக்குது?" என்றாள்.

வகுப்பு முழுவதும் என் பதிலுக்காகக் காத்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. உட்கார் என்று அவளுக்குக் கையால் காட்டினேன்.